சாயம் போகும் சட்டையின் விலை

2024 மார்ச்சில் 11,900 ரூபாய் கொடுத்து ஒரு சட்டை வாங்கினேன். வெளிநாட்டு டிசைனர் பெயர் போட்ட முழுக்கைச் சட்டை. சிவப்பு, கருநீலம், மஞ்சள் கட்டங்கள். காலர் முனைகளில் சின்னப் பட்டன்கள். விலைச்சீட்டோடு தொங்கிய அட்டையில், இந்தத் துணியின் பெயர் 'மெட்ராஸ்' என்றும், இந்தியாவின் தென்கிழக்குக் கடற்கரையில் பிறந்தது என்றும், துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து மென்மையாகும் என்றும் எழுதியிருந்தது. வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "இது கைலித் துணிடா. உங்க தாத்தா கட்டினது. முதல்ல தனியா ஊற வை, சாயம் போகும்" என்றார்.

அம்மா சொன்னதும் அட்டையில் அச்சடித்திருந்ததும் ஒரே செய்தி. அம்மாவுக்கு அது எச்சரிக்கை, அட்டைக்கு அது பெருமை. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் நான் கொடுத்த பணம் இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

சென்னையில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் 11 ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக இருந்தவன் நான். துணி எவ்வளவு, பட்டன் எவ்வளவு, தையல் எவ்வளவு, அட்டைப்பெட்டி எவ்வளவு என்று ஒவ்வொரு பீஸுக்கும் காஸ்டிங் போடுவதுதான் வேலை. அதனால் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்: டிசைனர் சட்டைக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா? பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். ஒரே ஒரு சட்டையை எடுத்து, அதன் பழைய கதையிலிருந்து காலருக்குள் இருக்கும் கேன்வாஸ் வரை பார்த்தால் கொஞ்சம் உருப்படியாகப் பேசலாம். அதற்காகவே இதை வாங்கினேன்.

அதே வாரம், கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்கிறவர்களிடம் கிட்டத்தட்ட அதே நிறங்களில் கட்டம் போட்ட கைத்தறித் துணி 2.75 மீட்டர் வாங்கினேன். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு எப்போதும் தைக்கும் மாஸ்டரிடம் கொடுத்தேன். துணி 880 ரூபாய், தையல் கூலி 450. ஆக 1,330. இரண்டு சட்டைகளையும் இரண்டு கோடை முழுக்க மாற்றி மாற்றிப் போட்டேன். போட்ட நாள், துவைத்த நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வந்தேன்.

முதலில், கைலித் துணி எப்படி விலை உயர்ந்த சட்டையானது என்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வின் பாதி அதில்தான் இருக்கிறது.

கெஜம் ஒரு டாலர்

நியூயார்க்கில் 1818இல் தொடங்கிய கடை ப்ரூக்ஸ் பிரதர்ஸ். காலர் முனையில் பட்டன் வைத்த சட்டையை அமெரிக்கர்களுக்குப் பழக்கியது அவர்கள்தான். வங்கிக்காரர்கள், வக்கீல்கள், பெரிய கல்லூரிகளில் படிக்கும் பையன்கள் துணி எடுக்கும் இடம்.

1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் பம்பாய்க்கு வந்தார். அங்கே கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரைச் சந்தித்தார். நாயர் கண்ணூர்க்காரர், ராணுவத்தில் இருந்துவிட்டுக் கைத்தறி ஏற்றுமதிக்கு வந்தவர். பிற்காலத்தில் மனைவி லீலாவின் பெயரில் ஓட்டல்கள் கட்டிப் புகழ்பெற்றவர் இவர்தான். அடுத்து நடந்ததை அவரே வயதான காலத்தில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஜேக்கப்சன் புதுமையான துணி ஏதாவது வேண்டும் என்று கேட்க, தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்புவதற்காக வைத்திருந்த கட்டம் போட்ட துணியை நாயர் எடுத்துக் காட்டினார். சிவப்பு, ஆரஞ்சு, நீலம், மஞ்சள், கறுப்பு. தாவரச் சாயமும் நல்லெண்ணெயும் கலந்த வாசம் அதில் அடித்தது. கெஜம் ஒரு டாலர் என்று பேசி முடித்தார்கள். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும், இல்லாவிட்டால் சாயம் போகும் என்று நாயர் சொல்லித்தான் அனுப்பினார்.

10,000 கெஜம் துணி ப்ரூக்ஸ் பிரதர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த எச்சரிக்கை போய்ச் சேரவில்லை.

கடையில் சட்டையும் கோட்டும் நன்றாக விற்றன. வாங்கியவர்கள் மற்ற துணிகளைப் போலவே அவற்றையும் துவைத்தார்கள். சிவப்பு நீலத்தில் இறங்கியது, மஞ்சள் எல்லாவற்றிலும் பரவியது. புகார்கள் குவிந்தன. ஜேக்கப்சன் தரப்பு வழக்கறிஞர்களைக் கூட்டிக்கொண்டு நாயரிடம் வந்தது. நான் மெர்ச்சண்டைசராக இருந்தபோது இந்த மாதிரி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தவன். அந்த அறையில் எப்படி வயிறு கலங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கன்டெய்னர் திரும்பி வரும், பணம் வராது, அடுத்த ஆர்டரும் போய்விடும்.

அங்கேதான் ஒருவருக்கு வேறு யோசனை வந்தது. 'செவன்டீன்' என்ற இளம்பெண்களுக்கான பத்திரிகையில் நாயரின் பேட்டியோடு ஒரு நீண்ட கட்டுரை வெளிவந்தது. இந்தியாவிலிருந்து வந்த அதிசயக் கைத்தறித் துணி, ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் புதுத் துணியாக மாறும் துணி என்று அதில் சொன்னார்கள். 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று பெயர் நிலைத்தது. 'சாயம் போவதற்கு உத்தரவாதம்' என்பது விளம்பர வாசகமே ஆனது. அந்த வாசகத்தை எழுதியவர் விளம்பர உலகின் பெரிய தலையான டேவிட் ஓகில்வி என்று சொல்வார்கள். 1960களில் அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் மெட்ராஸ் சட்டை ஒரு காய்ச்சலாகப் பரவியது. சாயம் போகாத கட்டச் சட்டை என்றால் போலி என்று நினைக்கும் அளவுக்குப் போனது.

நூல் அதே, சாயம் அதே, தறியும் அதே. கூடியது ஒரு கட்டுரையும் ஒரு வாசகமும். அதற்குப் பிறகு ஒரே குணம் பழுதாக இருந்த இடத்திலிருந்து உயர்வாக ஆகிவிட்டது.

இதை ஏமாற்று வேலை என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. பழைய கைலியைக் கட்டியவர்களுக்குத் தெரியும்: ஐம்பது துவைப்பு கண்ட கைலியின் மென்மை வேறு எந்தத் துணிக்கும் வராது. சிவப்பு செங்கல் நிறமாகி, மஞ்சள் வைக்கோல் நிறமாகி, கட்டங்களின் ஓரம் மங்கி, பார்க்கவே கண்ணுக்கு இதமாக இருக்கும். என் தாத்தா புதுக் கைலியை வெளியே கட்டிப் போவார், பழசைத்தான் தூங்கும்போது கட்டுவார். அந்தக் கட்டுரை சொன்னது பொய் இல்லை. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதைத் தாமதமாகச் சொன்னார்கள், அழகாகவும் சொன்னார்கள். என்னை உறுத்துவது பணம் போன திசை. அன்றைக்கு ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசு. அகலம் குறைந்த கைத்தறித் துணியில் ஒரு முழுக்கைச் சட்டைக்கு மூன்று கெஜம் வேண்டும். ஆக, ஒரு சட்டைக்குப் போன துணியின் விலை 14 ரூபாய் சொச்சம். அதற்குள்ளேதான் நூல்காரர், சாயக்காரர், நெசவாளி, ஏற்றுமதியாளர் எல்லோரும். அந்தக் கட்டுரை வந்த பிறகு சட்டைக்குக் கூடிய மதிப்பெல்லாம் துணி கப்பலேறிய பிறகு பிறந்தது.

சென்னைக்காரர்களுக்கு இது புதிதில்லை. நகரமே துணிக்காக எழுந்ததுதான். சிந்தாதிரிப்பேட்டை 1734இல் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்காக கவர்னர் மார்ட்டன் பிட் அமைத்த சின்னத் தறிப் பேட்டை. வண்ணாரப்பேட்டை கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் இருந்த இடம். இங்கே நெய்த கட்டத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போனது. நைஜீரியாவின் ஆற்றுமுகப் பகுதியில் வாழும் கலபாரி மக்கள் இதை 'இஞ்சிரி' என்கிறார்கள். குழந்தை பிறந்தாலும் பெரியவர் இறந்தாலும் இந்தத் துணி இல்லாமல் சடங்கு நடக்காது. சில கட்டங்களில் நூலை நுட்பமாக அறுத்து எடுத்துப் புது வடிவம் செய்யும் கலைகூட அவர்களிடம் இருக்கிறது. விளம்பரம் ஏதும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ஒரு மக்கள் கூட்டம் இந்தத் துணிக்குக் கொடுத்த மதிப்பு அது. இதையும் கணக்கில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சாயத்தைப் பற்றி ஒரு சொல்

1956இல், அதாவது ஜேக்கப்சன் பம்பாய்க்கு வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, பிரிட்டனின் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனம் ரியாக்டிவ் சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. பழைய சாயங்களில் பல நூலின் மேலும் இடுக்குகளிலும் ஒட்டிக்கொண்டு நிற்பவை. சூடான தண்ணீரும் சோப்பும் பட்டால் கிளம்பிவிடும். ரியாக்டிவ் சாயம் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடுகிறது. ஒழுங்காகச் சாயமேற்றி, மிச்சச் சாயத்தை அலசி எடுத்துவிட்டால் பிறகு போகாது. இன்றைக்கு ஏற்றுமதிச் சட்டை எதுவும் சாயப் பரிசோதனை இல்லாமல் வெளியே போகாது. ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போடுவார்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நான்கு கேட்பார்கள். 1958இல் ப்ரூக்ஸ் பிரதர்ஸுக்குப் போன துணி இந்தப் பரிசோதனை மேசைக்கு வந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

அப்படியானால் நான் வாங்கிய சட்டை? முதல் நாளே வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்து ஊறப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. சோப்புப் போட்டும் அப்படியே. குறிஞ்சிப்பாடித் துணியில் முதல் இரண்டு துவைப்புக்கு ரோஜா நிறத் தண்ணீர் வந்தது, பிறகு நின்றுவிட்டது. டிசைனர் சட்டையின் துணி சாயம் போகாதது. கடைக்கு வரும்போதே பழகிய தோற்றம் இருப்பதற்காக ஆலையிலேயே என்சைம் வாஷ், அதாவது நொதி கலந்த தண்ணீரில் துவைப்பு, கொடுத்திருக்கிறார்கள். தொட்டாலே தெரியும். அட்டையில் எழுதியிருந்த மாற்றம் எதுவும் இரண்டு கோடையில் அந்தச் சட்டையில் நடக்கவில்லை. 1958இன் கதைக்கு நான் பணம் கொடுத்தேன். துணி வேறொன்றாக இருந்தது.

மாஸ்டரின் மேசையில்

2025 செப்டம்பரில் இரண்டு சட்டைகளையும் எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. பதினைந்து வயதிலிருந்து சட்டை மட்டுமே தைக்கிறவர். டியூப்லைட்டுக்கு அடியில் இரண்டையும் விரித்துப் போட்டோம். என்னிடம் பழைய வேலையிலிருந்து மிச்சமான பிக் கிளாஸ் இருந்தது. அங்குலத்துக்கு எத்தனை நூல் என்று எண்ணும் சின்ன லென்ஸ்.

தையலை முதலில் எண்ணினோம். டிசைனர் சட்டையில் அங்குலத்துக்கு 18, சில இடத்தில் 19. மாஸ்டர் தைத்ததில் 11, 12. மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தம்பி, இவ்ளோ நெருக்கமா அடிச்சா ஒரு சட்டைக்கு எனக்கு இன்னும் அரை நாள் போகும். அந்தக் கூலியை யாரும் தர மாட்டாங்க" என்றார். அது உண்மை. நெருக்கமான தையல் அழகுக்கு மட்டும் இல்லை, தோள் சேரும் இடத்தில் துணி பிரியாமல் பிடித்து வைக்கும். என் கைத்தறிச் சட்டையில் வலது அக்குளுக்குக் கீழே ஓர் இடத்தில் தையல் ஓரம் நூல் நகர்ந்து இளகியிருந்தது. டிசைனர் சட்டையில் அப்படி எதுவும் இல்லை.

பட்டன். கன்னத்தில் வைத்துப் பார்த்தார் மாஸ்டர். சில்லென்று இருந்தால் சிப்பி, இல்லாவிட்டால் பிளாஸ்டிக். டிசைனர் சட்டையில் சிப்பிப் பட்டன். வெட்டிய ஓரத்தில் அடுக்கடுக்காக மினுக்கம் தெரிந்தது. காஜா நெருக்கமாக, நூல் பிசிறு இல்லாமல் இருந்தது. முதுகுப் பக்கம் தோளில் வரும் துண்டு இரண்டாகப் பிரித்துக் குறுக்கு வாட்டில் வெட்டியது. கையை முன்னே நீட்டும்போது துணி கொஞ்சம் கொடுக்கும்.

பிறகு கட்டம். கட்டச் சட்டையின் தரத்தை அளக்க இதைவிட நேர்மையான இடம் கிடையாது என்பது என் எண்ணம். பாக்கெட்டின் கட்டம் மார்புக் கட்டத்தோடு சேர வேண்டும். பட்டன் பட்டியில் இடமும் வலமும் ஒரே கோடாக வர வேண்டும். பக்கத் தையலில் முன் துண்டும் பின் துண்டும் சந்திக்கும் இடத்திலும் கோடு முறியக் கூடாது. இதற்கெல்லாம் துணி கூடுதலாகப் போகும், வெட்டுகிறவர் நிதானமாக வெட்ட வேண்டும். டிசைனர் சட்டையில் எல்லா இடத்திலும் கட்டம் சேர்ந்திருந்தது, கை மடிப்பில்கூட. மாஸ்டர் தைத்ததில் பாக்கெட்டும் பட்டியும் சேர்ந்திருந்தன. பக்கத் தையலில் மேலே சேர்ந்து தொடங்கி, கீழே வரும்போது அரைக் கட்டம் விலகியிருந்தது.

"என் தப்பு இல்லை, துணி அப்படி" என்றார் மாஸ்டர். லென்ஸ் வைத்துப் பார்த்தோம். குறிஞ்சிப்பாடித் துணியில் ஓர் இடத்தில் அங்குலத்துக்கு 52 ஊடை நூல் (குறுக்கே ஓடும் நூல்), கொஞ்சம் தள்ளி 55, இன்னொரு இடத்தில் 50. நெசவாளி பலகையை இழுத்து அடிக்கும் வேகம் காலையில் ஒரு மாதிரி, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொரு கட்டமும் ஒரு நூல் இரண்டு நூல் நீளம் மாறும். ஒரு மீட்டர் தாண்டும்போது அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சேர்ந்துவிடும். டிசைனர் சட்டையில் மூன்று இடத்தில் எண்ணினேன், மூன்றிலும் ஒரே எண். விசைத்தறி. அட்டையில் 'கைத்தறி' என்று எங்கும் எழுதவில்லை, 'கைத்தறி மரபு' என்றுதான் எழுதியிருந்தார்கள். நான் தான் வேகமாகப் படித்திருக்கிறேன்.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். தொழிற்சாலையில் இருந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். விசைத்தறித் துணியில் கட்டம் மாறாது என்பதால் துணியைப் பல அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று விரித்து ஒரே வெட்டில் வெட்டலாம். கட்டம் சேர்ப்பது சுலபம். உண்மையான கைத்தறியில் கட்டம் சேர்க்க வேண்டுமானால் ஒவ்வொரு சட்டையாக, ஒவ்வொரு துண்டாக வெட்ட வேண்டும். அப்படி வெட்டிய சட்டைக்கு யாராவது 6,000, 7,000 கேட்டால் நான் பேரம் பேச மாட்டேன். என்னிடம் இருந்தது அதுவல்ல.

கடைசியாகக் காலர். இரண்டிலும் உள்ளே ஒட்டும் கேன்வாஸ்தான். இருபது துவைப்புக்குள் மாஸ்டர் போட்ட காலரில் கொப்பளம் வந்துவிட்டது. டிசைனர் காலர் அறுபது துவைப்புக்குப் பிறகும் சமமாக நின்றது. கேன்வாஸின் தரம், அதை ஒட்டும் மெஷினின் சூடு, அழுத்தம் எல்லாம் சேர்ந்த வித்தியாசம் இது. மாஸ்டர் காலரைப் பிரித்து, நல்ல கேன்வாஸ் வைத்து மறுபடி தைத்துக் கொடுத்தார். 120 ரூபாய். டிசைனர் காலரை என்றைக்காவது மாற்ற வேண்டி வந்தால் அந்தத் துணி எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

போட்டுப் பார்த்த கணக்கு

நோட்டின்படி ஒவ்வொரு சட்டையும் அறுபது முறை. 11,900 ரூபாய்ச் சட்டைக்கு ஒரு முறை போட 198 ரூபாய். 1,330 ரூபாய்ச் சட்டைக்கு காலர் மாற்றிய 120ஐயும் சேர்த்தால் 24 ரூபாய். டிசைனர் சட்டை அந்த 24 ரூபாய்க்கு இறங்க வேண்டுமானால் நான் அதை 490 முறைக்கு மேல் போட வேண்டும். வாரம் ஒரு முறை என்றால் ஒன்பது ஆண்டுக்கு மேல். அறுபதாவது துவைப்பில் அதன் கை மடிப்பு ஓரத்தில் லேசாகப் பிசிறு தொடங்கியிருந்தது.

உடலுக்குப் பொருந்துவதில் மாஸ்டரின் சட்டை ஒரு படி மேலே. எனக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம். அவருக்கு அது தெரியும், அளவு எடுக்காமலே தெரியும். டிசைனர் சட்டையில் கை ஒரு அங்குலம் நீளம். வியர்வையில் இரண்டும் ஒன்றுதான். மே மாதத்துக் கத்திரி வெயிலில் கைத்தறி கொஞ்சம் காற்றோட்டமாக இருந்தது.

அப்புறம் அந்த 11,900. வாங்கிய நாளில் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட சட்டைக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதம். அதாவது 1,275 ரூபாய் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்று மாறியிருக்கிறது. அதே சட்டை அதே விலையில் இன்றைக்கு விற்றால் 1,815 ரூபாய் வரிக்குப் போகும். சட்டையைச் செய்ய என்ன ஆகியிருக்கும்? என் பழைய வேலைக் கணக்குப்படி துணி, சிப்பிப் பட்டன், நெருக்கமான தையல், வாஷ், பேக்கிங், தொழிற்சாலை லாபம் எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய்க்கு நான் காஸ்டிங் போட்டுக் கொடுத்திருப்பேன். தாராளமாகவே போட்ட கணக்கு இது. மிச்சம் 9,000 ரூபாய்க்கு மேல் கப்பல், சுங்கம், மாலில் கடை வாடகை, ஊழியர், விளம்பரம், விற்காத சட்டைகளின் நஷ்டம், லாபம்.

இது ஒரு நிறுவனத்தின் பேராசை என்று மட்டும் நினைக்க வேண்டாம், அந்த வியாபாரத்தின் அமைப்பே அப்படி. உலகின் மிகப் பெரிய ஆடம்பரப் பொருள் குழுமமான எல்.வி.எம்.ஹெச்.சின் 2023 கணக்கைப் பாருங்கள். விற்பனை சுமார் 8,600 கோடி யூரோ. விற்ற பொருளுக்கான அடக்கச் செலவு சுமார் 2,700 கோடி. விளம்பரம், கடை, விற்பனைச் செலவு 3,000 கோடிக்கு மேல். பை, மது, வாசனைத் திரவியம் எல்லாம் சேர்ந்த கணக்குதான், சட்டை மட்டும் இல்லை. ஆனாலும் பொருளைச் செய்ய ஆன செலவைவிட அதை விற்க ஆன செலவு அதிகம் என்பது அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. விற்காததை என்ன செய்கிறார்கள் என்பதும் அந்த விலைக்குள் வரும். பர்பெரி என்ற பிரிட்டிஷ் ஆடம்பர ஆடை நிறுவனம் 2017-18இல் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்தது வெளியே தெரிந்து, கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2018 செப்டம்பரில் அந்தப் பழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. தள்ளுபடியில் விற்றால் பெயர் மலிந்துவிடும் என்ற பயம்தான் அந்த வியாபாரத்தில் இப்படி அழிக்க வைக்கிறது.

பெயர் எவ்வளவு பெறும் என்பதற்கு ப்ரூக்ஸ் பிரதர்ஸின் பிற்காலமே சாட்சி. 2020 ஜூலையில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. வட கரோலினாவில் கார்லண்ட் என்ற மிகச் சின்ன ஊரில் அவர்களுடைய சட்டைத் தொழிற்சாலை இருந்தது. அந்த ஊரே அதை நம்பியிருந்தது. அது மூடப்பட்டது. அதே ஆண்டில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் 32.5 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. தைத்த கைகள் வீட்டுக்குப் போயின, சட்டையில் தைத்த பெயர் நல்ல விலைக்குப் போனது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே தூக்கம் வரவில்லை. நானும் பல ஆண்டுகள் பெயர்ப்பட்டையை எண்ணி எண்ணிச் சட்டைகளுக்கு அனுப்பியவன்.

எதற்குக் கொடுக்கலாம்

டிசைனர் சட்டை மட்டமானது என்று நான் சொல்ல மாட்டேன். மாஸ்டரின் மேசையில் தையல், பட்டன், காலர், கட்டம் சேர்த்தல் நான்கிலும் அதுதான் வென்றது. ஒன்பது மடங்கு விலைக்கு ஒன்றரை மடங்கு நல்ல சட்டை என்பது என் மதிப்பீடு. 2,500, 3,000 ரூபாய் வரை கூடுதலாகக் கொடுக்கும் பணம் துணியிலும் தையலிலும் கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேலே போகும்போது கதைக்கும் கடைக்கும் கொடுக்கிறோம். கதைக்குக் கொடுப்பதும் குற்றம் இல்லை. ஒரு நல்ல நாளில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதில் ஒருவருக்கு மகிழ்ச்சி இருந்தால் அது அவருடைய மகிழ்ச்சி. தரத்துக்காக வாங்குகிறேன் என்று நம்பிக்கொண்டு கடன் அட்டையைத் தேய்க்கும் இளைஞர்களைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்கவில்லை. முதல் சம்பளத்தில் இப்படி ஒரு சட்டை வாங்கி, ஆறு மாதம் தவணை கட்டிய பையன் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறான்.

விலை கூடுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. கோயம்புத்தூரில் வி. சந்தானம் 1974இல் உருவாக்கிய சுவின் பருத்தியைச் சொல்லலாம். சுஜாதா என்ற நம் ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற ரகத்தையும் இணைத்து வந்தது; சுஜாதாவின் 'சு'வும் வின்சென்ட்டின் 'வின்'னும் சேர்ந்ததுதான் பெயர். இழை மிக நீளம், 120ஆம் நம்பர் நூல்வரை நூற்கலாம்; நம்பர் கூடக் கூட நூல் மெலிசு. நம் மண்ணில் பிறந்த இந்தப் பருத்தியில் சட்டை செய்து வெளிநாட்டு நிறுவனங்கள் நல்ல விலைக்கு விற்கின்றன. அந்த விலைக்குத் துணியில் பொருள் இருக்கிறது. கைத்தறி, நெருக்கமான தையல், தனித்தனி வெட்டு, நீள இழைப் பருத்தி, பழுது பார்க்க முடிகிற அமைப்பு. இவற்றில் எது இருக்கிறது என்று கடையில் கேளுங்கள். பட்டனைக் கன்னத்தில் வையுங்கள், பாக்கெட்டின் கட்டத்தைப் பாருங்கள், அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுங்கள். பத்து நிமிட வேலை.

இன்னொரு கணக்கு இருக்கிறது, அதைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிக்கின்றன. நான் வாங்கிய டிசைனர் சட்டை அப்படி ஒரு குடும்பத்தின் இரண்டு மாத வருமானத்துக்கும் மேல். குறிஞ்சிப்பாடியில் எனக்குத் துணி கொடுத்தவரிடம் அந்தச் சட்டையைக் காட்டினேன். விலையைச் சொல்லவில்லை. தறியிலிருந்து எழுந்து வந்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா வெட்டியிருக்காங்க" என்றார். கட்டத்தை விரலால் அளந்துவிட்டு, "இந்த மஞ்சள் கோட்டை நாலு நூலா வெச்சிருக்காங்க. நாங்க ஆறு வெப்போம், அப்பதான் நிக்கும்" என்றார். அவருக்கு அது இன்னொரு நெசவு, அவ்வளவுதான்.

2026 கோடைக்கு மூன்று சட்டைக்கான துணி அவரிடமே சொல்லி வைத்திருக்கிறேன். 80ஆம் நம்பர் நூல், மஞ்சள் ஆறு நூல், ஊடையைக் கொஞ்சம் நெருக்கி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். மீட்டருக்கு அவர் கேட்டது 520, நான் 600 தருகிறேன் என்றேன். மாஸ்டர் அங்குலத்துக்கு 16 தையல் அடிப்பதாகவும், பக்கத் தையலில் கட்டம் சேரும்வரை துண்டு துண்டாக வெட்டுவதாகவும் ஒத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு ஒரு சட்டைக்கு 900 கூலி. சிப்பிப் பட்டன் பாரிமுனையில் பார்த்து வைத்தாயிற்று. எல்லாம் சேர்த்து ஒரு சட்டை 2,800 ரூபாய்க்குள் முடியும். தனியாக ஊற வைக்க வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.